இடக்கையால் எடுத்த பிரதி

சரஸ்வதி பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் தபால்காரர் கொடுத்துவிட்டுப் போன கட்டைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அனுப்பிய நாவல்தான், அனுப்பிய மேனிக்கே திரும்பி வந்திருந்தது. உள்ளே ஒரு சின்னச் சீட்டு. "அம்மணி, தங்கள் நாவலை இங்கே மூன்று பேர் முயன்றும் படிக்க இயலவில்லை. நன்றாகவும் இருக்கக்கூடும். மன்னிக்கவும்" என்று பதிப்பாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கதை மோசம் என்று எழுதியிருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். இந்த 'நன்றாகவும் இருக்கக்கூடும்' தான் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினதை, நன்றா இல்லையா என்று சொல்லக்கூட ஆளில்லாமல் போயிற்றே என்று கோபம் வந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் முன்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் கணவர், என் மாமியார். கணவருக்கு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை. குண்டு விழும் என்று பயந்து ஊரே காலி பண்ணிக்கொண்டு போனபோது நாங்கள் போகவில்லை. சந்தில் பதினாறு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களைத்தான் நாவலாக எழுதியிருந்தேன். எல்லோரும் போன பிறகு தெருவில் தனியாகத் தங்கிவிட்ட ஒருத்தியின் கதை.

என் கையெழுத்து மோசம் என்பது வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். கல்யாணமான முதல் வருஷம் பிறந்த வீட்டிலிருந்து நான் எழுதிய கடிதங்களைப் பற்றி என் கணவர் சொல்வார்: "நீ சௌக்கியமா இருக்கேன்னு ஊகிச்சுண்டேன். மத்ததெல்லாம் நேர்ல கேட்டுக்கலாம்னு வெச்சுட்டேன்."

காரணம் எனக்குத் தெரியும். நான் பிறவியில் இடக்கைக்காரி. முதன்முதலில் சிலேட்டைப் பிடித்து 'அ' போட்டது இடக்கையால்தான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் வாத்தியாரம்மா அந்தக் கையை என் தலைமுடி ரிப்பனாலேயே பெஞ்சுக் காலோடு கட்டிப்போட்டார். இரண்டு மாதம் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு வலக்கையால் எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதைவிட, வலக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன் என்று சொல்லலாம். காய் நறுக்குவது, கோலம் போடுவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இடக்கைதான். அவற்றை யாரும் கட்டிப்போடவில்லை. பேனா மட்டும் வலக்கைக்குப் போய்விட்டது.

மறுநாள் மாமியாரிடம் சொல்லிக்கொண்டு, கட்டைப் பையில் போட்டுக்கொண்டு தியாகராய நகருக்குப் பஸ் ஏறினேன். பனகல் பார்க்கிலிருந்து இரண்டாவது தெருவில் ஒரு வீட்டில்தான் அந்தப் பதிப்பகம். முன்னறையில் பதிப்பாசிரியர், பின்னால் தகரக் கூரை போட்ட அச்சுக்கூடம். பதிப்பாசிரியர் மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"எந்த இடம் படிக்க முடியலைன்னு காட்டினா, நான் இங்கேயே உக்காந்து சரி பண்ணித் தந்துடறேன்" என்றேன்.

அவர் தயங்கினார். "முடிந்த இடம் எது என்று கேட்டால் காட்டுவது சுலபம், அம்மா" என்றார். பிறகு அவருக்கே அது கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்து, அச்சுக்கூடத்து ஃபோர்மேனை வரவழைத்தார்.

ஃபோர்மேனுக்கு ஐம்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் ஈயக் கறுப்பு. என் கட்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இது உன்னுதாம்மா?" என்று கேட்டார். ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். "இத்த நீயே படி, பார்ப்போம். இங்க இருக்கிறது 'வந்தான்'னா, 'வெந்தான்'னா? அந்த ஆளு ஊட்டுக்கு வந்தானா, ஊட்டுக்குள்ள வெந்தானான்னே எனுக்குத் தெரில."

நான் பார்த்தேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. என்னையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. பதிப்பாசிரியரும் சிரித்தார். ஃபோர்மேன் மட்டும் சிரிக்கவில்லை.

"உள்ள வாம்மா" என்று அழைத்துக்கொண்டு போனார்.

தகரக் கூரையின் கீழ் நாலைந்து பேர் நின்றுகொண்டே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் கட்டம் கட்டமாகத் தடுத்த சாய்வான மரப்பெட்டி. கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெட்டியின் மேல் விளிம்பில் கைப்பிரதியின் தாளைச் செருகியிருந்தார்கள். கண் தாளுக்குப் போகும், கை கட்டத்துக்குப் போகும், எழுத்து இடக்கையிலிருந்த இரும்புச் சட்டத்தில் வந்து உட்காரும், மறுபடி கண் தாளுக்குப் போகும்.

"பார்த்தியாம்மா? நாளெல்லாம் கண்ணு மேலயும் கீழயும் போய்க்கினே இருக்கும். திரும்பி வரச்சொல்ல அதே வரில வந்து குந்தணும். நீ வரிக்கு வரி எடமே வுடாம எழுதிக்கினு போனா எப்படி? ரெண்டு பக்கமும் வேற எழுதிக்கீற. ஒரு தாளு ஒருத்தனுக்கு, அடுத்த தாளு இன்னொருத்தனுக்குன்னு பிரிச்சிக் குடுப்பேன். நீ என்னடான்னா நோட்டு மாதிரி தச்சிக்கீற. ஒருத்தன் கோத்து முடிக்கிற வரிக்கும் இன்னொருத்தன் சும்மா குந்திக்கினு இருக்கிறதா? தையலப் பிரிக்கலாம்னா பக்கத்துக்கு நம்பர் கெடையாது. ஒரு காத்து அடிச்சா உன் கதை ராயப்பேட்டைக்குப் போயிடும்."

"காகிதம் கிடைக்கலை" என்றேன். அது உண்மைதான். காகிதக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த தாள்களில், விளிம்பு வரைக்கும், பிறகு விளிம்பிலும், அம்புக்குறி போட்டு அடுத்த பக்கத்திலும் எழுதியிருந்தேன்.

"எனுக்குக் கதை வேணாம்மா" என்றார் அவர், இப்போது கொஞ்சம் இறங்கிய குரலில். "எழுத்து வேணும்."

முன்னறைக்குத் திரும்பியதும் பதிப்பாசிரியர் சொன்னார்: "பங்குனிக்குள் இன்னும் ஒரு புத்தகம் போடத்தான் எங்களிடம் காகிதம் இருக்கிறது. கார்த்திகைக் கடைசிக்குள் நல்ல பிரதி கொண்டுவந்தால் படிப்பேன். போடுவேன் என்று வாக்குத் தரமாட்டேன். படிப்பேன் என்பது மட்டும் வாக்கு."

எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்று நாள் வலக்கையோடு மல்லுக்கட்டினேன். மெதுவாக எழுதினால் எழுத்து நடுங்கியது, வேகமாக எழுதினால் ஓடியது. நான்காம் நாள், ஒருவேளை காகிதம்தான் சரியில்லையோ என்று ஒரு சாக்கு தோன்றியது. எங்கள் வீட்டிலிருந்த யுத்தகாலக் காகிதத்தில் மை தொட்டதும் ஊறிப் பரவும். திருவல்லிக்கேணியில் கணக்குப் புத்தகங்கள் கட்டி விற்கும் ஒரு பாய் கடையில் பழைய சரக்கு இருக்கிறது என்று என் கணவர் ஆபீசில் கேட்டு வந்து சொன்னார். ஐப்பசி மழையில் போனேன்.

கடைக்காரர் உள்ளேயிருந்து முழுநீளத் தாள்களின் ஒரு கட்டை எடுத்துவந்து போட்டார். ஓரம் லேசாகப் பழுத்திருந்தது.

"யுத்தத்துக்கு முன்னாடி வந்த சரக்கும்மா. எழுதிப் பாருங்க. ஊறிச்சுன்னா வாங்க வேணாம்" என்று சொல்லி, மையில் தோய்த்த பேனாவை நீட்டினார்.

என் வலக்கையில் பையும், தண்ணீர் சொட்டும் குடையும் இருந்தன. கீழே வைக்க இடமில்லை, கடை வாசலெல்லாம் ஈரம். யோசிக்காமல் இடக்கையை நீட்டிப் பேனாவை வாங்கினேன். யோசிக்காமலேயே என் நாவலின் முதல் வரியை எழுதினேன்.

"அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் விளக்கை அணைத்தார்கள்" என்று கடைக்காரர் வாய்விட்டுப் படித்தார்.

அவர் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். தாள் அவருக்குத் தலைகீழாக இருந்தது. நேராகப் பிடித்தே யாரும் படிக்காத என் எழுத்தை ஒரு மனிதர் தலைகீழாகப் படித்துவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். அழகான எழுத்து என்று சொல்லமாட்டேன். முதல் வகுப்புக் குழந்தையின் எழுத்தைப் போலப் பெரிதாக, உருண்டையாக இருந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, அதனதன் காலில் நின்றது.

"மாஷா அல்லா, எழுத்து தெளிவாக் கீது. மையும் ஊறல" என்றார் அவர். "எவ்வளவு தாள் போடட்டும்?"

கட்டில் இருந்த அத்தனையும் வேண்டும் என்றேன். இருநூற்று நாற்பது தாள் இருந்தது. என் நாவல் அதற்குள் அடங்கியாக வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கணவர் வந்ததும் அவர் முன்னால் உட்கார்ந்து இடக்கையால் நாலு வரி எழுதிக் காட்டினேன். அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "இத்தனை வருஷமா இந்தக் கையை எங்கே வெச்சிருந்தே?" என்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். ஒரு கெட்டித் தாளில் ரூல் தடியை வைத்து, கறுப்பு மையில் தடிமனாக இருபது வரி கோடு இழுத்தார். இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மார்ஜின் கோடு. என் தாளுக்கு அடியில் அதை வைத்தால் கோடுகள் மங்கலாக மேலே தெரியும். தாளில் கோடே போடாமல் நேராக எழுதலாம். அந்தக் கோட்டுத் தாளை எத்தனையோ வருஷம் வைத்திருந்தேன்.

முதல் பத்துப் பக்கம் நாசமாயிற்று. இடக்கையால் எழுதினால் கை எழுத்தின் மேலேயே நகர்ந்துகொண்டு போகும். மழைநாளில் மை காயாது. வரி முடிவதற்குள் வரி முழுக்கக் கறுப்புப் பூசிவிடும். சுண்டு விரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மை. துணி சுற்றிப் பார்த்தேன், ஒற்றுத்தாள் வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, மாவு கலையாதபடி என் உடம்பே ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். உள்ளே ஓடிப்போய்த் தாளின் தலையை வலப்பக்கம் சாய்த்து வைத்து எழுதினேன். கை வரிக்குக் கீழே போய்விட்டது. எழுத்தை ஒன்றும் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அன்று ஒரே மூச்சில் ஆறு பக்கம் எழுதினேன்.

இவ்வளவும் என் மாமியாருக்குத் தெரியாமல். வீட்டு வேலையைக் கண்டும் காணாமல் விடுவாரே தவிர, இடக்கையால் ஒரு வெற்றிலையை நீட்டினால்கூட அவருக்குப் பொறுக்காது. தினம் மத்தியானம் அவர் கோயிலுக்குக் கதை கேட்கப் போவார். அந்த இரண்டு மணி நேரம்தான் என்னுடையது. எழுதின தாள்களை ஊஞ்சல் பலகையில் பரப்பிக் காயவைப்பேன். அவர் வருவதற்குள் எடுத்து அடுக்கிவிடுவேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை வலுத்துக் கோயிலில் கதை பாதியில் நின்றுவிட்டது. நான் தலை நிமிர்ந்தபோது அவர் நனைந்த புடவையோடு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"எடது கையாலயாடி எழுதிண்டிருக்கே?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "வலது கையால எழுதினா யாருக்கும் புரியலைம்மா. புஸ்தகத்தைத் திருப்பி அனுப்பிட்டா."

"அதுக்காக? வித்தையை எடது கையால தொடுவாளா யாராவது? இந்த ஆத்துல இப்படி ஒரு வழக்கம் உண்டா?"

அவர் புடவை மாற்றிக்கொண்டு வந்து, ஊஞ்சலில் உட்காருவதற்காகத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். தூக்கி எறியத்தான் போகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது தாளை எடுத்தவர் அப்படியே நின்றார். அவருக்குக் கண் பார்வை குறைவு. அச்சுப் புத்தகத்தைத் தொட்டு வருஷக் கணக்காகியிருந்தது. என் பிரதியில் எழுத்து பெரிது, வரிக்கு வரி இடைவெளி தாராளம். உதடு அசைய அவர் படிப்பதைப் பார்த்தேன். உட்கார்ந்தார். அடுத்த தாள், அதற்கடுத்தது. தாளின் மேல் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்து அவரே வரிசைப்படுத்திக்கொண்டார்.

மழை விடுகிற மட்டும் படித்தார். பிறகு கேட்டார்.

"ஏண்டி, அவ கதவைத் திறந்தாளா இல்லையா? அடுத்த தாள் எங்கே?"

"இன்னும் எழுதலைம்மா."

"அப்போ எழுதேன். என் மூஞ்சியைப் பார்த்துண்டு உக்காந்திருக்கே!"

"எந்தக் கையால எழுதட்டும்?"

அவர் என்னை முறைத்தார். "எதால எழுதினா சீக்கிரம் ஆகுமோ அதால" என்று சொல்லிவிட்டு, எழுந்து காபி போடப் போனார். அந்த வீட்டில் நான் மருமகளாக வந்து ஏழு வருஷத்தில் அவர் எனக்காகக் காபி போட்டது அன்றுதான் முதல் தடவை.

அதிலிருந்து வேலை பறந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. காலையில் சமையல் முடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன். காய்ந்த தாள் ஊஞ்சலில் விழ விழ அவர் படித்துவிடுவார். ஓர் அத்தியாயத்தில் அவர் தாளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். நான் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டேன். வலக்கை ஓடியபோது கண்டபடி வந்து விழுந்திருந்த வார்த்தைகளில், இடக்கை நிதானமாக ஒவ்வொன்றாக வைத்தபோது வேண்டாதவை தாமாகத் தெரிந்தன. இருநூற்று நாற்பது தாள் என்று ஆரம்பித்தது, நாசமான பத்து நீங்கலாக, இருநூற்றுப் பதினெட்டில் முடிந்தது. நான் எழுதியதில் அதுவரை நல்லது அதுதான் என்று எனக்கே தெரிந்தது.

முதல் தாளில் நாவலின் பெயர், என் பெயர், விலாசம். மற்ற எல்லாத் தாள்களிலும் எண். ஊசி நூல் தொடவில்லை. மேலும் கீழும் ஓர் அட்டை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நாடா கட்டினேன். கார்த்திகை முடிய ஐந்து நாள் இருக்கும்போது, அரை நாள் லீவு போட்ட கணவரோடு மறுபடி தியாகராய நகர் போனேன்.

பதிப்பாசிரியர் கட்டைப் பிரித்தார். முதல் தாளைப் பார்த்தார், நடுவில் ஒன்றை உருவிப் பார்த்தார். "வேறு யாரையாவது வைத்து எழுதச் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. வேற கையை வெச்சு எழுதினேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஃபோர்மேன் அதற்குள் வந்துவிட்டார். ஒரு தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். தாளைப் பெட்டியின் மேல் செருகி, இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்று, சத்தமாகப் படித்தார். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. பக்கத்துப் பெட்டிகளில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இன்னாம்மா மாயம் பண்ணே?" என்றார்.

அன்று வேறொன்றும் முடிவாகவில்லை. பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. "உடனே வரவும்" என்று இரண்டே வார்த்தை. போனபோது பதிப்பாசிரியர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பாதி படிப்பதற்குள் ஃபோர்மேன் முதல் பதினாறு பக்கத்தைக் கோத்துவிட்டார், அம்மா. யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்றால், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்கிறார். இனிமேல் நான் வேண்டாம் என்று சொன்னால் என்னை அச்சுக்கூடத்துக்குள் விடமாட்டார்." முகத்தில் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "நேற்றுத்தான் முடித்தேன். நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது."

ஃபோர்மேன் ஈரம் காயாத புரூஃபைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். என் வார்த்தைகள் அச்செழுத்தில் வரிவரியாக நின்றன. பதினாறு பக்கத்தில் மூன்றே பிழை. "ரெண்டு நீ எழுதினதும்மா, ஒண்ணுதான் எங்குளுது" என்றார். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் சங்கடப்பட்டு, "கைய எடும்மா, மை பூசிக்கும்" என்றார்.

புத்தகம் பங்குனியில் வெளிவந்தது. அறுபத்து மூவர் உற்சவத்தன்று மாட வீதியில் எள் விழ இடமில்லை. தண்ணீர்ப் பந்தலும், விசிறியும், பானகமுமாக ஊரே திரண்டிருந்தது. நானும் மாமியாரும் கூட்டத்தில் சிக்கி, தெற்கு மாட வீதியில் ஒரு புத்தகக் கடையின் படியோரம் ஒதுங்கினோம். கடை முன் பலகையில் என் புத்தகம் இருந்தது. என் வயதுள்ள ஒரு பெண், மஞ்சள் புடவை, இடுப்பில் தூங்கும் குழந்தை, ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பக் கையில்லாமல், கட்டை விரலால் தள்ளித் தள்ளித் திருப்பினாள்.

மேளம் நெருங்கியது. நாயன்மார்களின் பல்லக்குகள் திருப்பம் திரும்பின. கூட்டம் முழுவதும் கையைத் தலைமேல் குவித்து அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் மட்டும் தலையைத் தூக்கவில்லை. மாமியார் என் முழங்கையை இடித்து, காதோடு சொன்னார்:

"கதவைத் திறக்கிற எடத்துக்கு வந்துட்டா போலிருக்கு. பேசாம நில்லு."